எழுதியவர் பெயரில்லாத மனு

மனு எழுதும் வரிசையில் இந்த வருஷம் புதிதாக மேசை போட்டிருக்கும் ஏழு பேருக்கும் வணக்கம். உங்களில் நான்கு பேர் என் வீடு தேடி வந்து, இந்தத் தொழிலுக்கு என்ன தெரிய வேண்டும் என்று கேட்டீர்கள். மற்ற மூன்று பேர் வரவில்லை. அவர்கள் அமலியிடம் தொழில் பழகியவர்கள். என்னிடம் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். அது எனக்கு உறுத்தத்தான் செய்தது. உறுத்தியதால்தான் ஏழு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

பெறுநர், பொருள், பார்வை, இணைப்பு, இதெல்லாம் ஒன்பது நாளில் கைக்கு வந்துவிடும். பத்தாவது நாள் பக்கத்து மேசையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணத் தொடங்குவீர்கள். அந்த நாளுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

நான் ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வாசலில் முப்பத்து மூன்று வருஷம் மனு எழுதினேன். என் பதிவேட்டின்படி மொத்தம் நாற்பத்தோராயிரத்து இருநூற்றுப் பதினாறு. பதிவேட்டில் ஏறாத மனு ஒன்று உண்டு. அது ஒன்றுதான்.

அமலி முதலில் என் மேசைக்கு வந்தது மனு எழுதிக்கொள்ள. திருநங்கை. ராஜபாளையத்தில் ஒரு மில்லில் வேலை பார்த்து, அங்கே நிம்மதியாக இருக்க முடியாமல் வெளியே வந்து, நான்கு வருஷம் பஸ் ஸ்டாண்டில் கை தட்டிக் கடை கடையாகக் காசு கேட்டுப் பிழைத்தவர். திருநங்கைகள் கலெக்டரிடம் விண்ணப்பித்து அடையாளச் சான்று வாங்கலாம் என்று சட்டம் வந்த பிறகு, தன்னோடு நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். ஐந்து பேருக்கும் உறுதிமொழிப் பத்திரம் வேண்டும்.

"டாக்டர் சர்டிபிகேட் எங்க?" என்றேன்.

"அது வேண்டாம் அண்ணாச்சி. நாங்க யாருன்னு நாங்களே உறுதி சொல்லி எழுதிக் குடுத்தாப் போதும்னு விதியில இருக்கு."

"எனக்கே விதி சொல்லித் தாரியாக்கும்? டாக்டர் எழுதாம எந்த ஆபீஸ்ல ஒத்துக்கிடுவாம்? போயி வாங்கிட்டு வா."

ஐந்து பேரும் ஆஸ்பத்திரிக்கு அலைந்தார்கள். ஆண், பெண் எந்த வரிசையில் நிற்பது என்று கேட்டதற்கே அங்கே இருந்தவர்கள் சிரித்தார்களாம். பதினோரு வாரம் கழித்து அமலி மட்டும் திரும்பி வந்து, விதியை அச்செடுத்த தாளை என் மேசையில் விரித்து, ஒரு வரியில் விரலை வைத்தார். நான் வாசித்தேன். அவர் சொன்னதுதான் சரி. மற்ற நான்கு பேரையும் வரச் சொல்லி ஐந்து பத்திரங்களையும் எழுதிக்கொடுத்தேன். படிவம் கேட்டபடி பழைய பெயரும் புதிய பெயரும் எழுதி, இரண்டையும் என் பதிவேட்டிலும் ஏற்றி, கையெழுத்து வாங்கினேன். மன்னிப்புக் கேட்கவில்லை. இந்த விஷயத்தில் விதிகள் அடிக்கடி மாறுகின்றன. இன்றைக்கு என்ன விதி என்று இன்றைக்கே பாருங்கள். முப்பது வருஷ அனுபவம் அதற்கு உதவாது.

அன்று சாயங்காலம் வரை அமலி என் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். போகும்போது, "அண்ணாச்சி, நீங்க எழுதுறதப் பாத்துக்கிட்டே இருந்தேன். எனக்கும் வரும்போல இருக்கு" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

மூன்று வாரத்தில் ஜெராக்ஸ் கடை ஓரமாக ஒரு மடக்கு மேசை வந்துவிட்டது. அதுவரை எங்கள் வரிசையில் ஐந்து மேசை. இது ஆறாவது.

முதல் நாள் டீக்கடைக்காரர் எல்லோருக்கும் கேட்கும்படி, "ஏலே, கோர்ட்டுக்குப் புதுசா லேடி வக்கீல் வந்திருக்காவ, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்கலே!" என்றார்.

அமலி தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "வக்கீல் இல்ல அண்ணே. ஒங்க டீயப் பத்தி ஒரு புகார் எழுதணும்னு ஊரே கேக்குது, அதுக்குத்தான் வந்தேன். பாலு எம்புட்டு ஊத்துதீக, தண்ணி எம்புட்டு ஊத்துதீக? ரெண்டையும் தனித்தனியாச் சொல்லுங்க" என்றார்.

வரிசையே சிரித்தது. டீக்கடைக்காரரும் சிரித்தார். அன்று அவரே ஒரு டீ கொண்டுபோய் அமலியின் மேசையில் வைத்தார். முப்பத்து மூன்று வருஷத்தில் என் மேசைக்கு அவர் டீ கொண்டுவந்தது இரண்டே தடவை. ஒரு தடவை எனக்குக் காய்ச்சல்.

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மெல்ல மனு எழுத வந்தார்கள். திருநங்கைகள் மட்டுமல்ல. முதியோர் உதவித்தொகை நின்றுபோன வன்னியம்பட்டிக் கிழவி, பட்டாவில் பெயர் தவறிய சோழபுரத்து ஆட்கள், புருஷன் பட்டாளத்தில் இருக்கும் பெண்கள், எல்லோரும் அங்கே போனார்கள். ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை எண்ணினேன். அங்கே பதினேழு பேர், என்னிடம் ஆறு. அந்த ஆறிலும் இரண்டு பேர், அங்கே கூட்டமாக இருப்பதால் இங்கே வந்தோம் என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர்கள்.

அவரிடம் அப்படி என்ன இருந்தது என்று பார்த்தேன். அவர் எழுத்து என் எழுத்தைவிட மோசம். ஆள் வந்தவுடன் நான் தாளை எடுத்துவிடுவேன். அவர் பேனாவையே எடுக்க மாட்டார். "செத்த நேரம் இருங்க, மொதல்ல என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க" என்பார். அழுபவர்கள் அழுது முடிப்பார்கள். அவமானம் என்று மறைப்பதைக்கூட அவரிடம் சொன்னார்கள். இவரைவிடப் பெரிய அவமானத்தை நாம் சொல்லிவிடப் போகிறோமா என்று நினைத்தார்களோ என்னவோ. இது தெரிந்தும் நான் அப்படிச் செய்யவில்லை. அவரைப் பார்த்துச் செய்ததாக ஆகிவிடுமே.

அந்தச் சமயத்தில் கோர்ட் வளாகத்துக்குள் ஒரு சட்ட உதவி மையம், வருகிற மக்களுக்கு வழிகாட்டத் தன்னார்வலர் ஒருவரை எடுத்தது. சின்ன அறை, ஒரு மேசை, ஒரு மின்விசிறி, கழுத்தில் ஓர் அட்டை. நானும் விண்ணப்பித்தேன். மூன்று பக்கம், ஒன்பது இணைப்பு. அமலி ஒரு பக்கம் எழுதியிருந்தாராம். அமலியை எடுத்தார்கள். சான்றிதழ் சரிபார்ப்பு முடியும்வரை தற்காலிகமாக உட்காரலாம் என்று சொன்னார்கள்.

அன்று ராஜபாளையம் திரும்பும் பஸ்ஸில் எனக்குச் சீட் கிடைத்தது. அப்படியும் வயிறு எரிந்தது. வீட்டுக்கு வந்து அவர்மேல் பெயர் போடாமல் ஒரு மொட்டை மனு எழுதினேன்.

நான் வழக்கமாக எழுதும் தாள் வேண்டாம் என்று கோடு போட்ட தாள் எடுத்தேன். பேனாவை மாற்றினேன். எழுத்தை இடப்பக்கம் சாய்த்தேன். இந்த நபரின் பள்ளிச் சான்றில் உள்ள பெயர் வேறு, இது ஆள்மாறாட்டம், இப்படிப்பட்டவரைப் பொதுமக்கள் வரும் இடத்தில் உட்கார வைக்கலாமா என்று எழுதினேன். அவருடைய பழைய பெயரை மூன்று இடத்தில் போட்டேன். இந்தக் கட்டுரையில் அதை ஓர் இடத்திலும் போட மாட்டேன். "அவன்" என்று எட்டு இடத்தில் எழுதினேன். முகவரி எழுதி, எங்கள் தெருத் தபால் பெட்டியில் போடாமல், பழைய பஸ் ஸ்டாண்ட் வரை நடந்துபோய்ப் போட்டேன்.

பன்னிரண்டாம் நாள் அமலிக்கு நோட்டீஸ் வந்தது. இரண்டு பெயரும் ஒருவரையே குறிப்பவை என்று ஏழு நாளுக்குள் ஆதாரத்தோடு நேரில் வந்து காட்ட வேண்டும். அதுவரை உதவி மையத்தில் உட்காரக் கூடாது.

மறுநாள் காலை என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். நோட்டீஸோடு வந்த மொட்டை மனுவின் நகலை என் முன்னால் வைத்தார்.

"வாசிங்க அண்ணாச்சி."

வாசிப்பதுபோல் பார்த்தேன். கடைசி வரிக்கு வந்தேன். அடியில் இப்படி இருந்தது: வரிகள் முப்பத்து நான்கு. அடித்தல் திருத்தல் இல்லை.

இது எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பத்திர எழுத்தர் பழக்கிவிட்டது. மனுவில் பின்னால் யாரும் ஒரு வரியைச் செருகிவிட்டால் தெரிய வேண்டும், எண்ணி எழுதிவிடு என்பார். பத்திரத்தில் எல்லோரும் செய்வார்கள். சாதாரண மனுவில் எங்கள் வரிசையில் செய்தது நான் ஒருவன்தான். தாளை மாற்றினேன், பேனாவை மாற்றினேன், எழுத்தைச் சாய்த்தேன். முப்பத்து மூன்று வருஷப் பழக்கத்தில் கை தானாக அந்த வரியை எழுதியிருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை.

"எழுதுன ஆளு நல்லாப் படிச்ச ஆளு" என்றார் அமலி. "மொட்டப் பெட்டிசன்ல வரி எண்ணி எழுதுன மொத ஆளு இவருதான் இருக்கும்."

நான் தாளை மடித்துத் திருப்பி நீட்டினேன்.

"சண்ட போட வரல அண்ணாச்சி. பதிலு எழுதணும். இதுல முப்பத்தி நாலு வரி இருக்கு. எழுதுனவருக்குத்தான எந்த வரியில பொய்யி, எந்த வரியில வலுவில்லன்னு தெரியும்? அதான் நேரா இங்க வந்தேன்."

"நான் பதில் எழுதித் தரலன்னா?"

"எழுதலன்னா ஆள்மாறாட்டம்னு பேராகி மேசையும் போயிரும். நான் திரும்பப் பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போகணும். நீங்க தெனம் அங்கதான பஸ் ஏறுவீக? அப்ப பாத்துக்கிடலாம்."

குரல் உயரவில்லை. பேனாவை எடுத்தேன். முதல் வரியிலேயே முட்டிக்கொண்டது. வழக்கப்படி பழைய பெயரை எழுதி, "என்கிற அமலி" என்று தொடங்கினேன்.

"என்கிற வேண்டாம்."

"அதுதான் முறை."

"போலீஸ் ஸ்டேசன் போர்டப் பாருங்க அண்ணாச்சி. அங்கதான் கேடிக எல்லாருக்கும் என்கிற போட்டிருக்கும். நான் அமலி. பழைய பேரு ஆதாரத்துல இருந்தாப் போதும், மனுவுல எதுக்கு?"

யோசித்துப் பார்த்தேன். அப்படி எழுதக் கூடாது என்று எங்கும் இல்லை. நான்தான் முறை என்று வைத்திருந்தேன். அடித்துவிட்டு, "மனுதாரர் அமலி" என்று எழுதினேன். உங்களிடம் யார் வந்தாலும், அவர்களை எந்தப் பெயரில் எழுத வேண்டும் என்று முதலில் அவர்களிடமே கேளுங்கள்.

ஆதாரம்தான் சிக்கல். கலெக்டர் சான்றில் புதிய பெயர் இருக்கிறது, பள்ளிச் சான்றில் பழைய பெயர் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் காட்டும் உறுதிமொழிப் பத்திரத்தின் நகல், வாடகை வீட்டுக்காரர் சாமானைத் தெருவில் தூக்கி வைத்த அன்று மழையில் போய்விட்டது. அலுவலகத்தில் நகல் கேட்டால் ஏழு நாளில் வராது. பட்டாளத்தில் இருக்கும் தம்பியிடம் சாட்சி சொல்லப் போனில் கேட்டாராம். "எங்கண்ணன் செத்துட்டாம்னு எழுதிக்கோ" என்று வைத்துவிட்டானாம்.

"ஒங்க பதிவேட்டுல இருக்குமே அண்ணாச்சி" என்றார் அமலி. "பழைய பேரும் புதுப் பேரும், என் கையெழுத்தும்."

இருந்தது. வேறு எங்கும் இல்லை. அந்தப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு நானே நேரில் போய்ச் சாட்சி சொல்ல வேண்டும். ஆறு நாளும் எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. நீங்கள் அவருக்காக வருந்தினேன் என்று நினைக்கலாம். நான் எனக்காகத்தான் வருந்தினேன்.

விசாரணை நாளன்று காலை பஸ்ஸை விட்டு இறங்கி வந்தால், கோர்ட் வாசலில் கூட்டம். வேறு ஏதோ பெரிய வழக்கு என்று நினைத்தேன். அமலிக்காக வந்தவர்கள். எண்ணினேன், நாற்பத்தேழு பேர். பதினோரு திருநங்கைகள். மற்றவர்கள் அவரிடம் மனு எழுதிக்கொண்டவர்கள். ஒருவர் வயலிலிருந்து நேரே வந்திருந்தார், காலில் சேறு காயவில்லை. எனக்கு இப்படி ஒரு விசாரணை வந்தால் யார் வந்து நிற்பார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். என் மனைவி வருவாள், முழங்கால் வலி இல்லாவிட்டால். அதற்குமேல் எண்ணிக்கை போகவில்லை. கையில் அவருக்கான ஆதாரத்தை வைத்துக்கொண்டு அவர்மேலேயே பொறாமைப்பட்டுக்கொண்டு நின்றேன்.

விசாரணை அலுவலர் ஓர் அம்மையார். பதிவேட்டை வாங்கி அந்தப் பக்கத்தை இரண்டு தடவை பார்த்தார். கையெழுத்தை ஒப்பிட்டார். சரி என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு, மொட்டை மனுவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"இந்தப் பழைய பெயர் இதிலேயும் இருக்கு. உங்க பதிவேடு யார் கையில இருக்கும்?"

"என் கையிலம்மா."

"மத்தவங்க எடுத்துப் பார்க்க வாய்ப்பு உண்டா?"

இங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்த்திருக்கலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் தப்பித்துவிடுவேன். ஆனால் யார் வேண்டுமானாலும் தொடக்கூடிய பதிவேடு சாட்சியாக நிற்காது. யாரும் எதையும் எழுதிச் சேர்த்திருக்கலாம் என்று ஆகிவிடும். பிறகு அமலியிடம் ஒன்றும் மிஞ்சாது. யாரும் தொட முடியாது என்றால் பதிவேடு நிற்கும், அமலி நிற்பார், நான் மாட்டிக்கொள்வேன். அறையில் இரண்டு மின்விசிறி, இரண்டும் ஓடவில்லை. ஒன்றில் மூன்று இறக்கை, மற்றதில் நான்கு. அதைக்கூட அப்போது எண்ணினேன்.

"பூட்டி வச்சிருப்பேன். சாவி ஒண்ணுதான். என்கிட்டதான் இருக்கும்" என்றேன்.

அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படின்னா?"

"மொட்டை மனு நான் எழுதினது."

அமலி என் பக்கம் திரும்பவே இல்லை. அலுவலர் பேனாவை மறுபடி எடுத்து அதைக் குறித்துக்கொண்டார். பிறகு அமலியிடம், ஆதாரம் போதும், நீங்கள் இன்றைக்கே மையத்தில் உட்காரலாம், இவர்மேல் நடவடிக்கை வேண்டுமென்றால் புகார் எழுதிக் கொடுங்கள், வேண்டாம் என்றால் இதோடு முடித்துவிடலாம் என்றார்.

வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். உண்மையைச் சொல்லி அவரைக் காப்பாற்றியவன் அல்லவா நான்.

"வேணும்மா" என்றார் அமலி. "இத விட்டுட்டா அடுத்து வாரவளுக்கும் ஒருத்தரு எழுதுவாரு. அவளுக்குச் சாட்சி கெடைக்குமோ கெடைக்காதோ."

வெளியே வந்தோம். தன் புகாரைத் தானே எழுதக் கை நடுங்குகிறது என்று அமலி மற்ற நான்கு மேசைக்கும் போனார். எங்கள் வரிசையில் ஒருவர்மேல் இன்னொருவர் புகார் எழுதுவதில்லை என்று ஒரு கட்டுப்பாடு உண்டு. நான்கு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவர் மட்டும், "கோவிச்சுக்கிடாதீக, நாள பின்ன நாங்க அவரு மூஞ்சியில முழிக்கணும்லா" என்றார்.

அமலி என்னைப் பார்த்தார். நான் என் மேசையில் உட்கார்ந்து தாளை எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எதிர்மனுதாரர் என்ற இடத்தில் என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண். நாற்பத்தேழு பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள். முடித்து நீட்டினேன். அமலி நிதானமாக வாசித்தார்.

"'தவறுதலாக மொட்டை மனு எழுதியுள்ளார்'னு போட்டிருக்கீக."

"ஆமா."

"தவறுதலா எழுதுனீகளா அண்ணாச்சி?"

நான் தாளைத் திரும்ப வாங்கி முன்னால் வைத்தேன்.

"அத அடிங்க. என்ன காரணமோ அத எழுதுங்க."

நாற்பதாயிரத்துக்கு மேல் எழுதிய கை. எவனெவன் கோபத்தையும் பேராசையையும் எழுதிக் கொடுத்த கை. "பொறாமையால்" என்று எழுத எனக்கு இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆனது. எழுதிய பிறகு அமலி கையெழுத்திட்டு எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அந்தப் புகாரின் பேரில் மாதம் முடிவதற்குள் என் இடம் போய்விட்டது. மற்றவர்களிடம் பணி ஓய்வு என்று சொல்லியிருக்கிறேன். உங்களிடம் அப்படிச் சொல்ல மாட்டேன்.

உங்களுக்கும் பொறாமை வரும். வரக்கூடாது என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை, எனக்கே இன்னும் போகவில்லை. வந்தால் ஒரு தாளில் அந்தச் சொல்லை உங்கள் பெயரோடு எழுதிப் பாருங்கள். பெயரில்லாமல் எழுதாதீர்கள்.

அன்று கூட்டம் கலையவில்லை. அமலி மையத்தில் போய் உட்கார்ந்ததும், வந்தது வந்தோம் என்று பாதிப் பேர் அவரவர் காரியத்துக்கு அங்கேயே வரிசை போட்டுவிட்டார்கள். நான் எங்கே போவது என்று தெரியாமல் பதிவேட்டை அணைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். பெஞ்சின் ஓரத்தில் இருந்த சோழபுரத்து அம்மா ஒருவர், பின்னால் வந்து சேர்ந்தவர்போல, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க அவியளுக்கு என்ன வேணும்?"

"எதிர்மனுதாரர்" என்றேன்.

"அப்படின்னா?"

"அவிய குடுத்திருக்க புகாரு என்மேலதான்."

அந்த அம்மா மடியில் இருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, நகர்ந்து இடம் விட்டார்.

"சரி, உக்காருங்க. கூட்டமா இருக்கு, நேரமாகும்."

உட்கார்ந்தேன்.